இரண்டு பேருக்கான சமையல்

சமையல் பேட்ஜ் வாங்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. சமைக்கத் தெரியாமல் இல்லை. மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, இரண்டு பேருக்குச் சோறும் குழம்பும் வைத்து, இருவரும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எங்கள் சாரணியர் படையில் சோதனை அவ்வளவுதான். அந்த இரண்டாவது ஆள் என் தோழி மோனிஷாவாகத்தான் இருக்க வேண்டும் என்பது மட்டும் நானே போட்டுக்கொண்ட சட்டம்.

போன வருஷம் நாங்கள் இருவரும்தான் அடுப்பு மூட்டினோம். அரிசி பாதி வேகும்போது மழை வந்து கெடுத்தது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார் எங்கள் கேப்டன் சுஜாதா டீச்சர். அடுத்த வாரத்துக்குள் மோனிஷாவின் அப்பா பொதட்டூர்பேட்டையில் தறி போட்டு, குடும்பத்தோடு போய்விட்டார். பஸ் ஏறினால் வந்துவிடும் ஊர்தான். ஆனால் அவளைத் தனியாக அனுப்ப மாட்டார்கள், என்னையும் அனுப்ப மாட்டார்கள். அவளுடைய புதுப் பள்ளியில் சாரணியர் படையும் கிடையாது.

அதற்குப் பிறகு டீச்சர் கூப்பிட்ட போதெல்லாம் எனக்குக் காய்ச்சல் வந்தது, கை சுளுக்கியது, விறகு நனைந்தது. பேட்ஜ் முடிந்துவிட்டால் அவளை வா என்று கூப்பிட எனக்கு வேறு என்ன சாக்கு இருக்கிறது?

இந்த ஆடியில் டீச்சர் வசமாகப் பிடித்துக்கொண்டார். "ப்ளெஸ்ஸி, கிருத்திகை சேவைக்கு எல்லாரும் வருவீங்க இல்ல, அன்னிக்கே சமைச்சு முடிச்சுடு. இல்லன்னா மாநில விருதுக்கு உன் பேரை அனுப்ப மாட்டேன்."

மோனிஷாவின் அப்பா நம்பருக்குப் போன் போட்டேன்.

"கிருத்திகைக்கு நாங்க காவடி எடுத்துகினு வரோம்டி," என்றாள். "உச்சி வெயிலுக்கு முன்னாடியே அடிவாரத்துல இருப்பேன். செஞ்சு வை."

எவ்வளவு யோசித்துச் செய்தேன்! எங்கள் வீட்டுப் பாத்திரத்தில் மீன் வெந்திருக்கும் என்று புதுச் சட்டி வாங்கினேன். வெங்காயம், பூண்டு சேர்க்கவில்லை. அவளுக்குப் பிடித்த பரங்கிக்காய்ச் சாம்பார். முருகன் மலை அடிவாரத்தில் நாங்கள் தண்ணீர் கொடுக்கும் பந்தலுக்குப் பின்னால் சோறு சுடச்சுடத் தயாராக இருந்தபோது, மஞ்சள் தாவணியில், தோளில் பூக்காவடியோடு வந்து நின்றாள். என்னைவிட உயரமாகிவிட்டிருந்தாள். காவடி இருந்ததால் கட்டிப் பிடிக்கவும் முடியவில்லை.

"உக்காருடி, ஆறிடும்."

அவள் முகம் சுருங்கிவிட்டது. "காவடிய மேல சேர்க்கிற வரைக்கும் நான் ஒண்ணும் சாப்பிடக் கூடாது ப்ளெஸ்ஸி. உனுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

எனக்கு எப்படித் தெரியும்? பிறந்தது திருத்தணிதான். ஆனால் கிருத்திகைக் கூட்டம் வருகிறது என்றாலே அப்பா எங்களை மணவூர் அத்தை வீட்டுக்கு மூட்டை கட்டி அனுப்பிவிடுவார். இந்த வருஷம்தான் என் சீருடையைப் பார்த்து விட்டுவைத்தார். வெங்காயம் வரைக்கும் யோசித்த எனக்கு விரதம் தோன்றவில்லை. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"கவிப்பிரியாவை உக்கார வெச்சு முடிச்சுடு," என்றார் டீச்சர். எங்கள் படையின் கவிப்பிரியா தட்டோடு தயாராகவே நின்றாள். சாப்பாட்டு விஷயத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது.

"அவளோட சாப்ட்டு பேட்ஜ வாங்கிடுடி," என்றாள் மோனிஷாவும். "கூட்டத்தப் பாரு, நான் எப்ப எறங்குவேனோ."

"விருதே போனாலும் பரவால்ல டீச்சர். அவ எறங்கி வர வரைக்கும் இருக்கேன்."

டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சாயந்திரம் கிளம்பிடுவேன். அப்புறம் உன் பாடு."

மத்தியானம் முழுக்கத் தண்ணீர் ஊற்றிக்கொடுத்துக்கொண்டே படியைப் பார்த்தேன். இறங்கிய பெண்கள் எல்லோரும் மஞ்சள் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு மஞ்சளுக்கும் மனசு எழுந்து எழுந்து உட்கார்ந்தது. எனக்கு அவள் வேண்டும். பழையபடி பக்கத்து பெஞ்சில், என் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டு, தினமும் வேண்டும். தண்ணீர் கேட்ட அம்மா ஒருத்தர், "ஏம்மா அழுவுற?" என்றார். வெயில் என்றேன்.

டீச்சர் பையைத் தோளில் மாட்டும்போது மோனிஷா ஓடி வந்தாள், நெற்றி முழுக்கச் சந்தனமாக. சோறு ஆறி விறைத்திருந்தது. இருவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். உப்பு கம்மி என்று சொல்லிவிட்டு இரண்டாம் முறை வாங்கிக்கொண்டாள். டீச்சர் ஒரு வாய் எடுத்துப் பார்த்து, "பாஸ், போ" என்று சிரித்துவிட்டுக் கிளம்பினார்.

கை கழுவும்போது மோனிஷா கேட்டாள். "முடிஞ்சிடுச்சி இல்ல?"

சந்தோஷமாகத்தான் கேட்டாள். ரோட்டிலிருந்து அவள் அம்மா பஸ் வந்துவிட்டதென்று கூப்பிட்டார்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு," என்றேன். "நடைப்பயண பேட்ஜ். ரெண்டு பேரா போவணும்."

"அதான் நாம ரெண்டு பேரும் போனோமே, அம்மையார்குப்பம் வரைக்கும். தோ, கையிலயே தெச்சிகினு இருக்க."

சட்டைக் கையில் இருந்த அந்த பேட்ஜை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.

"இல்ல. இன்னும் போவல."

மோனிஷா என் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அம்மா மறுபடி கூப்பிட்டார்.

"ஆங்," என்றாள். "எப்ப போவணும்னு சொல்லு, வரேன்."