பொழுதிருக்க ஒரு வாய் சோறு

ஆதிராஜ நைனாருக்கு ராப்பட்டினி பழகிப்போன விஷயம். திருவண்ணாமலையில் சக்கரபாணி செட்டியாரின் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டியில் அவர் குமாஸ்தா. வீடோ அவலூர்ப்பேட்டை சாலையில் பதினைந்து மைல் தள்ளி, நெடுங்கரையில். மண்டியை விட்டுக் கிளம்பி, பஸ்ஸுக்குக் கால் கடுக்க நின்று, கைகாட்டியில் இறங்கி, ஏரிக்கரையோடு நடந்து வீட்டுப் படியேறும்போது ஊரே விளக்கு வைத்திருக்கும். விளக்கு வைத்த பிறகு ஜைனர் வீட்டில் சாப்பாடு கிடையாது. இருட்டில் சோற்றோடு சேர்ந்து எந்தப் பூச்சி வயிற்றுக்குள் போகும் என்று யார் கண்டது? ஓர் உயிரும் நம்மால் போகக் கூடாது. ஆகவே பொழுது சாய்ந்தால் வாயைக் கட்ட வேண்டியதுதான்.

இப்படியே இருபது வருஷம் ஓட்டிவிட்டார். அவருடைய பட்டினியால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. வினை வந்தது அவர் மனைவி ராஜமதி பட்டினி கிடக்க ஆரம்பித்தபோது.

மகள் தர்மதேவி வீட்டில் இருந்தவரை தாயும் மகளுமாகப் பொழுதோடு சாப்பிட்டுவிடுவார்கள். மகளைக் காஞ்சிபுரம் பக்கம் கட்டிக்கொடுத்த பிறகு ராஜமதி சாயங்காலம் சாப்பிடுவதையே விட்டுவிட்டாள். புருஷன் பட்டினி கிடக்க நான் சாப்பிடுவதா என்று பத்தினி வசனம் பேசியிருந்தால் நைனார் நாலு சாஸ்திரத்தை எடுத்துப்போட்டு மடக்கியிருப்பார். அவள் அப்படிப் பேசவில்லை.

"தனியா உக்காந்தா எறங்க மாட்டேங்குதுங்க" என்றாள்.

இதற்கு எந்த சாஸ்திரத்தில் பதில் இருக்கிறது?

எழுபத்தாறாம் வருஷம் சித்திரையில் ஒருநாள் கருப்பாக வாந்தி எடுத்தாள். பெரியாஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு நைனாரைத் தனியாகக் கூப்பிட்டார். "குடல்ல புண்ணு. வயிறு காயவே கூடாது. சாயங்காலம் கண்டிப்பா சாப்பிடணும். இன்னொரு தபா இப்படி வந்தா வேலூருக்கு அனுப்பிடுவேன். அங்க கத்திதான்."

அன்றிலிருந்து நைனார் செய்து பார்க்காத வேலை இல்லை. மண்டியிலேயே சாப்பிட்டுவிட்டால் அவளும் வீட்டில் சாப்பிடுவாள் என்று விடியற்காலையில் கட்டிய சோற்றைச் சாயங்காலம் திறந்தார். அது ஊசிப்போய் நூல்விட்டது; ஓட்டல் சோற்றை அவர் தொடுவதில்லை. ரெண்டு வாழைப்பழம் தின்றுவிட்டுப் போய்ச் சொன்னார். "பழம் சோறாவுமா?" என்றாள். ஒருநாள் சாப்பிட்டாயிற்று என்று பொய்யே சொன்னார். "என்ன கொழம்பு?" என்று ஒரே கேள்விதான் கேட்டாள், நைனார் முழித்த முழியில் பொய் சந்திக்கு வந்துவிட்டது. டவுனில் குடிவைக்கலாம் என்றால் மாட்டையும் நிலத்தையும் யார் தலையில் கட்டுவது? கடைசியில் கொஞ்சம் முன்னதாக விடும்படி செட்டியாரிடம் போய் நின்றார்.

"அஞ்சு மணிக்கு வுடறேன் நைனாரே. அதுக்கு மேல கேக்காதீங்க, சாயங்காலந்தான் எடையே நடக்குது" என்றார் செட்டியார். மனசு கேட்காமல் இன்னொன்றும் சொன்னார். "பின்னாடி கொடவுன்ல ஒரு மிலிட்டரி மோட்டார் சைக்கிள் கெடக்குது. யுத்தம் முடிஞ்சப்ப எங்கப்பா டிஸ்போசல் ஏலத்துல எடுத்தது. ஓட்டிக்கினு போறதுன்னா போங்க. மூட்டை அடுக்க எனக்கும் எடம் ஆவும்."

கிழிந்த கோணிகளுக்கு அடியில் கிடந்தது அது. பி.எஸ்.ஏ. வண்டி. முப்பது வருஷத்துப் புழுதியைத் துடைத்தால் ராணுவப் பச்சை. டாங்கியில் வெள்ளை எழுத்தில் பாதி அழிந்த நம்பர். முன்விளக்குக்கு ஒரு தகர மூடி, அதில் கோடு போட்டாற்போல ஒரு சந்து. மேலே பறக்கிற விமானத்துக்கு வெளிச்சம் தெரியக் கூடாதாம். எந்தச் சிப்பாய் ஏறி எந்த ஊர்ச் சண்டைக்குப் போனானோ! கொல்லப் போனவன் வண்டியை, எறும்பு மிதிக்க அஞ்சுகிற நைனார் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று எழுதியிருக்கிறது.

செங்கம் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டிருந்த மெக்கானிக் சுப்பிரமணி அதை மூன்று சுற்றுச் சுற்றிவந்தான். "நைனாரே, இது வண்டியில்ல. ஜப்பான்காரன் தலையில போட வச்சிருந்து மறந்துட்ட குண்டு."

"ஓடுமா, ஓடாதா?"

"நீங்க தள்ளினா ஓடும்."

ஆனாலும் அவனுக்குக் கை அரித்தது. பக்கவாட்டு டூல் பெட்டியைத் திறந்தான். தாயெலி ஒன்று தாவிக் கீழே ஓடியது. உள்ளே பஞ்சும் கோணி நாருமாக ஒரு கூடு. கண் திறக்காத எலிக்குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெளிந்தன. சுப்பிரமணி ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கியதும் நைனார் குடையை நடுவில் நீட்டிவிட்டார். குஞ்சுகள் கண் திறந்து, தாய் அவற்றைக் கூட்டிக்கொண்டு போகும்வரை வண்டியில் ஸ்பானர் படவில்லை. இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி செங்கம் ரோடு முழுக்கச் சிரிக்க வைத்தான் சுப்பிரமணி. நைனாருக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அங்கே ஒருத்தி வயிறு எரிந்துகொண்டிருந்தது.

பிறகு தொடங்கியது பாடு. என்ஜின் இறுகிப் போயிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றி ஊறவைத்து, ஒரு வழியாய்ப் பிஸ்டன் அசைந்தது. தீப்பொறி தருகிற மேக்னட்டோவைக் கழற்றி மெட்ராஸ் புதுப்பேட்டைக்குக் கொண்டுபோய்க் கம்பி சுற்றி வாங்கிவந்தார். கார்பரேட்டரைப் பிரித்து அடைப்பை ஊசியால் குத்தி எடுத்தான் சுப்பிரமணி. சீட்டு மாட்டுத்தோல். அதன்மேல் உட்கார மாட்டேன் என்று நைனார் ஒற்றைக்காலில் நிற்க, தேங்காய்நார் அடைத்து ரெக்சின் தைத்தார்கள். மண்டியில் நாள் முழுக்கத் தூசி. ஞாயிற்றுக்கிழமையும் சாப்பாடு முடிந்த கையோடு கொட்டகையில் எண்ணெய். வீட்டுக்கு வந்து படுத்தால் முதுகு எது, பாய் எது என்று தெரியாது. ஆடியில் ஒரு வாரம் ராஜமதி வலியில் சுருண்டு படுத்தாள். "வண்டி எந்த மட்டுல இருக்குது?" என்று அவளே கேட்டாள். ஆவணியில் வண்டி இருமிற்று. புரட்டாசியில் உறுமிற்று.

ஓட்டக் கற்றது அடி அண்ணாமலைப் பக்கம், மலை சுற்றும் பாதையில். பௌர்ணமி இல்லாத நாளில் அங்கே ஆடு மாடுதான் நடமாடும். உதைத்தால் உதைக்கிற வண்டி அது. கிக்கர் திருப்பி அடித்து நைனாரின் முழங்கால் இட்லியாய் வீங்கியது. ஐம்பதைத் தொடப்போகிற வயசில் உனக்கு இது தேவையா என்று அவரே அவரைக் கேட்டுக்கொண்டார். தேவைதான் என்ற பதிலும் உடனே வந்தது. அதுதான் அவரை இன்னும் களைக்க வைத்தது.

வேலை நாளில் முதல் தடவை ஓட்டிக்கொண்டு போனபோது பாதி வழியில் பிளக் அடைத்துக்கொண்டது. வழியெல்லாம் தள்ளிக்கொண்டு போனார். அவர் வர வேண்டிய பஸ் ஹாரன் அடித்துத் தாண்டிப் போயிற்று. ராஜமதி லாந்தரோடு தெருமுனையில் நின்றிருந்தாள். "பஸ்ஸே சீக்கிரம் வரும் போலிருக்குது" என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள், ஒரு கை மட்டும் வயிற்றை அமுக்கிக்கொண்டிருந்தது. மறுதடவை செயின் அறுந்தது. அதற்கடுத்த தடவை காரணமே தெரியவில்லை, நின்றது, அவ்வளவுதான்.

ஐப்பசியில் இரண்டு நாள் மழை கொட்டி ஓய்ந்தது. அன்று ஐந்து மணிக்கு நைனார் காலை ஓங்கி உதைத்தார். முதல் உதையிலேயே வண்டி பிடித்தது. அவருக்கே நம்பிக்கை வரவில்லை.

டவுன் தாண்டியது. பின்னால் மலை, மலைக்கு மேல் சூரியன். நெடுங்கரையிலிருந்து பார்த்தால் ஐப்பசி வாக்கில் சூரியன் அண்ணாமலைக்குப் பின்னால்தான் இறங்கும்; மலை மறைத்தால் பொழுது மறைந்ததாகவே ஊரில் கணக்கு. நைனாரின் நிழல் அவருக்கு முன்னால் சாலையில் ஓடியது. நிழல் நீள நீள நேரம் குறைகிறது என்று அர்த்தம். வண்டி திணறவில்லை. இன்றைக்குப் போய்விடலாம், இன்றைக்கு அவள் சாப்பிடுவாள் என்று நினைத்ததும் அத்தனை மாதக் களைப்புக்கு நடுவிலும் தொண்டையில் ஒரு பாட்டு வந்தது.

பாடுவதற்கு வாயைத் திறந்தபோதுதான் முதல் பூச்சி உதட்டில் அடித்தது.

மழைக்குப் பின் வந்த வெயிலில் புற்றெல்லாம் ஈசலாய்ப் பொங்கியிருந்தது. வயல் பக்கமிருந்து பச்சைப் பூச்சிகள் புகையாய்க் கிளம்பின. நெற்றியில், கன்னத்தில், கண்ணாடியில், மார்பில் பொட்டுப்பொட்டென்று அடித்தன. நைனார் பதறி வேகத்தைக் குறைத்தார். குறைத்தால் பூச்சிகள் ஒதுங்கிப் பறந்தன. நிழல் மட்டும் நீண்டுகொண்டே போனது. சாலையோரம் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். சூரியன் மலைக்கு மேலே இரண்டு முழம்கூட இல்லை. நடந்து போகும் வேகத்தில் போனால் ஓர் உயிரும் சாகாது. ஆனால் வீடு போய்ச் சேரும்போது விளக்கு வைத்திருப்பார்கள். ராஜமதி வயிற்றை அமுக்கிக்கொண்டு, "பரவால்லைங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பாள். கருப்பாக எடுத்த வாந்தி ஞாபகம் வந்தது.

"ணமோ அரிஹந்தாணம்" என்று மந்திரத்தை மனசுக்குள் சொன்னார். வாய்விட்டுச் சொன்னால் பூச்சி உள்ளே போய்விடும். பிறகு ஆக்ஸிலேட்டரை முழுசாகத் திருகினார். பார்த்துக்கொண்டே, தெரிந்துகொண்டே ஓட்டினார். ஒவ்வொரு அடியும் ஓர் உயிர் என்று நெற்றி சொல்லிக்கொண்டே வந்தது.

வாசலில் ராஜமதி நின்றிருந்தாள். வண்டிச் சத்தம் ஏரிக்கரையிலேயே கேட்டிருக்கும். சூரியன் இன்னும் மலைக்கு மேல்தான் இருந்தது.

"வந்துட்டீங்க!" என்றாள். கல்யாணமான புதிதில் சிரித்த சிரிப்பு அது. "எல போட்டுட்டேன். கை காலு கழுவிக்கினு வாங்க. சட்டையக் கழட்டிக் குடுங்க."

கழற்றும்போதுதான் நைனார் குனிந்து பார்த்தார். காலையில் அவள் வெளுத்து மடித்துக் கொடுத்த வெள்ளைச் சட்டை. எள் காயப்போட்ட துணி மாதிரி இருந்தது. பொத்தானுக்குப் பொத்தான் ஈசல் இறக்கை. ராஜமதி அதை வாங்கி வெளிச்சத்தில் விரித்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே அடங்கியது.

"தெரிஞ்சுதான் ஓட்டினேன்" என்றார் நைனார். "நடுவுல நிறுத்தினேன். அப்புறம் தெரிஞ்சேதான் ஓட்டினேன், ராஜமதி."

அவள் சட்டையை உதறாமல், இன்னும் காலசைத்துக்கொண்டிருந்தவற்றைப் புடவை நுனியால் மெல்ல எடுத்து முருங்கைக் கிளையில் விட்டாள். மூன்றோ நாலோதான் பிழைத்தன. நைனார் உள்ளே போட்டிருந்த இலைகளைப் பார்த்தார். இன்றைக்குச் சாப்பிட மாட்டாள். இவ்வளவு பாடுபட்டு, இவ்வளவு உயிரையும் பலிகொடுத்து, இன்றைக்கும் அவள் சாப்பிடப் போவதில்லை.

ராஜமதி சட்டையைத் திண்ணைமேல் மடித்து வைத்தாள். "வாங்க. பொழுது போவுது" என்றாள்.

இரண்டு இலை. சோறும் பூசணிக்காய்க் கூட்டும் துவரம்பருப்புக் குழம்பும். பரிமாறிவிட்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்து பிசைந்து வாயில் வைத்தாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதை நைனார் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நாளைலேர்ந்து பஸ்ஸுலயே வந்துடுங்க" என்றாள். "நான் பொழுதோட சாப்ட்டுடறேன்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"எறங்காதுன்னியே?"

"எறங்க வக்கிறேன்."

நைனாருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இத சித்திரையிலேயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? ஆறு மாசமா நான் பட்ட பாடு என்ன, இந்த முட்டி பட்ட பாடு என்ன!"

"சித்திரைல வாய் வரலைங்க. இந்தச் சட்டையப் பாத்தப்புறந்தான் வருது."

"ஏன், பஸ்ஸுல அடிபட்டுப் பூச்சி சாவறதில்லையா?"

"பஸ்ஸு ஊருக்காக ஓடுது. இது எனக்காக ஓடுச்சு" என்றாள் ராஜமதி. "என் ஒரு வாய் சோத்துக்காக."

நைனார் நினைத்தது நடந்துவிட்டது. இனி அவள் வயிறு காயாது, வேலூர் இல்லை, கத்தி இல்லை. சந்தோஷப்பட வேண்டியவருக்குக் கண் கலங்கியது. அவளைச் சாப்பிட வைக்க மட்டும் அந்தச் சனியன் பிடித்த வண்டியோடு மல்லுக்கட்டவில்லை. இப்படி அவள் பக்கத்தில் உட்கார்ந்து தானும் சாப்பிட வேண்டும் என்றும்தான் என்பது அப்போதுதான் அவருக்கே புரிந்தது. இனி ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் மிச்சம். மற்ற நாளெல்லாம் அவள் தனியாகச் சாப்பிடுவாள், அவர் இருட்டில் வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் படுப்பார்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடு" என்றார். பசி இல்லை. போட்டாள். "மோர் ஊத்து" என்றார். ஊற்றினாள். அவர் பருக்கை பருக்கையாகப் பிசைந்தார். அவளும் அவசரப்படவில்லை, தன் இலையில் கடைசிக் கவளத்தைத் திரும்பத் திரும்ப உருட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியே வந்த வெயில் சுவரில் மேலே மேலே ஏறிப்போய் உத்தரத்தைத் தொட்டது.

"மலை மறைச்சிடுச்சுங்க" என்றாள் ராஜமதி.

நைனார் இலையில் மோர்ச்சோறு இன்னும் பாதி இருந்தது. அவர் கையை எடுத்துக்கொண்டார்.