நிமிஷத்துக்கு அறுபது குமிழி

உமாசுதன் தண்ணீருக்குள் புல் வளர்க்கிறவர். தரையில் இத்தனை இடம் கிடக்கும்போது ஏனய்யா தண்ணீருக்குள் என்று கேட்டால் வந்து பாருங்கள் என்று கூட்டிக்கொண்டு போவார். சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் பன்னிரண்டாம் மாடி வீடு, கூடத்தின் ஜன்னலோர மூலை, அதில் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி. பேருக்கு ஆறு மீன்கள், மற்றதெல்லாம் செடி. நாள் முழுக்கச் சரக்குப் பத்திரங்களோடு மாரடித்துவிட்டு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் தொட்டியின் முன் உட்கார்ந்தால்தான் அவருக்கு மூச்சே வரும்.

அந்த மூலைக்குத்தான் ஆபத்து வந்தது. மாமனார் ஜெயரத்தினம் செம்பவாங்கில் மகன் வீட்டில் இருக்கிறார். டாக்யார்டு எனும் கப்பல்பட்டறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், கோயில் நிர்வாகக் குழுவில் இருப்பவர், மைக் கையில் கிடைத்தால் மதுவின் தீமையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசாமல் விடமாட்டார். அவரிடம் யானைக்குட்டி அளவில் ஒரு மசாஜ் நாற்காலி உண்டு. மகன் வீட்டில் பேரனுக்குப் படிப்பு மேசை போட வேண்டுமாம். ஆகவே நாற்காலி இனி மகள் வீட்டில் இருக்கும், சனி ஞாயிறுகளில் அவர் வந்து அதில் உட்காருவார் என்று முடிவாகிவிட்டது. முடிவு செய்ததும் அவரேதான்.

"செத்த புல்லுக்கு எதுக்கு இவ்வளவு இடம்?" என்று, அதைச் சொல்ல வந்தவர் தொட்டியைப் பார்த்துக் கேட்டார்.

புல் மஞ்சளாகத்தான் கிடந்தது. இன்னும் சாகவில்லை, இரண்டே வாரத்தில் பச்சைப் பசேலென்று ஆகிவிடும் என்று உமாசுதன் வாயை விட்டார். நல்லது, இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை அளவுநாடாவோடு வருகிறேன், பச்சையாக இல்லாவிட்டால் தொட்டியை யாருக்காவது கொடுத்துவிட வேண்டியதுதான் என்று மாமனார் கெடு வைத்துவிட்டுப் போனார். உமாசுதனின் மனைவி மேனுகா அப்பாவுக்குத் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தாள். நாற்பத்து மூன்று வயதாகியும் அப்பாவிடம் வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லிப் பழகாதவள் அவள்.

ஜூரோங் அலுவலகத்தில் பக்கத்து மேசை ரியாஸும் செடித்தொட்டிப் பைத்தியம்தான். புல்லுக்கு வெளிச்சம் இருக்கிறது, உரம் இருக்கிறது, கரியமில வாயுதான் போதவில்லை என்று அவன் நாடி பிடித்துச் சொன்னான். சிலிண்டர் வாங்கலாம். ஆனால் சிலிண்டர் வீட்டுக்குள் வந்தால் மேனுகா வெளியே போய்விடுவாள். ஏழைக்கேற்ற எள்ளுருண்டையாக ஒரு வழி இருந்தது. குளிர்பானப் போத்தலில் சர்க்கரையையும் வெதுவெதுப்பான தண்ணீரையும் ஊற்றிக் கொஞ்சம் ஈஸ்ட் போட்டு, மூடியில் ஓட்டை குத்திக் குழாய் செருகித் தொட்டிக்குள் விட்டால், சர்க்கரை புளிக்கப் புளிக்க வாயு வந்துகொண்டே இருக்கும்.

ஈஸ்டை மேனுகாவின் அடுக்களையிலிருந்து எடுத்தார். வெள்ளைச் சர்க்கரை தீர்ந்துபோயிருந்ததால், பலகாரத்துக்கென்று அவள் வைத்திருந்த குலா மலாக்கா வெல்லத்தை உடைத்துப் போட்டார். தென்னம் பதநீரைக் காய்ச்சி எடுத்த வெல்லம்தானே, இனிப்பு எதுவானால் என்ன என்பது அவருடைய விஞ்ஞானம். போத்தல் தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரிக்குள் போயிற்று. மறுநாள் காலை குமிழி வந்தபோது மனிதர் பிள்ளை பெற்ற மாதிரி துள்ளினார். கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினார், நிமிஷத்துக்கு அறுபது. பல் துலக்கும்போதும் எண்ணினார், சாப்பாட்டுத் தட்டோடு வந்து நின்றும் எண்ணினார். பத்தாம் நாள் இடது பக்கப் புல் பச்சையானது. பன்னிரண்டாம் நாள் அந்தப் பச்சை நடுத்தொட்டி வரை வந்தது.

கெடு ஞாயிறு காலை கண் விழித்து ஓடிவந்து பார்த்தால் ஒரு குமிழிகூட இல்லை. அலமாரியைத் திறந்தார். குழாய் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. போத்தல் அடுக்களையில் பாத்திரம் கழுவும் இடத்தருகே காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. ஈஸ்ட் தீர்ந்துபோயிற்று, அப்பா வருகிறாரே என்று நேற்று ராத்திரியே போத்தலில் இருந்ததை ஊற்றி அப்பத்துக்கு மாவு புளிக்க வைத்தேன் என்று மேனுகா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். உமாசுதனுக்கு அழுகை வந்தது. அழுவதற்குள் வாசல் மணி அடித்தது.

ஜெயரத்தினம் தொட்டியைப் பார்த்தார். பாதி பச்சை, பாதி மஞ்சள். பாதி பாஸ் என்று எந்தப் பரீட்சையிலும் கிடையாது என்று சொல்லி, அளவுநாடாவை இழுத்து மூலையை அளந்தார். நாற்காலி அச்சாக அடங்கும். நாடாவை மேசைமேல் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

முதல் அப்பத்தில் அவர் பேச்சு நின்றது. நான்காவதில் கண்ணை மூடிக்கொண்டார். ஏழாவதை முடித்துவிட்டு விரலை முகர்ந்து பார்த்தார்.

"பிள்ளை, இது கள்ளு விட்டுச் சுட்ட அப்பம்."

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?" என்றாள் மேனுகா.

கோயில் குழு உறுப்பினர் தேங்காய்ச் சம்பலைத் தட்டில் அள்ளி வைத்துக்கொண்டார். கேள்விப்பட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு எட்டாவதை எடுத்தார். பிறகு, குரலைத் தாழ்த்தி, இந்தச் சாமான் எங்கே தயாராகிறது என்று விசாரித்தார்.

உமாசுதன் பயந்தாங்கொள்ளிதான், ஆனால் மடையர் இல்லை.

"அந்த அலமாரிக்குள்ளதான், மாமா. தொட்டிச் சூட்டுலதான் அது நல்லாப் புளிக்கும். வேற எடத்துல வச்சா வராது."

கிழவர் மூலையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். நாடாவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நாற்காலியைக் கோயில் அலுவலகத்துக்குக் கொடுத்தால் பத்துப் பேருக்குப் பயன்படும் என்று பெரிய மனதோடு அறிவித்துவிட்டுப் புறப்பட்டார்.

கதவைச் சாத்தியதும் மேனுகா மேலலமாரியைத் திறந்து காட்டினாள். பிரிக்காத ஈஸ்ட் பாக்கெட் மூன்று இருந்தது.

"டாக்யார்டுலேந்து வரும்போது அப்பா சட்டையில இந்தக் கள்ளு வாசம் வரும். அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாரா வாரம் ரெண்டு நாள் அவரு இங்க வந்து உக்காந்தா யாரு தேத்தண்ணி போடுறது?"

கல்யாணத்தன்றுகூட உமாசுதனுக்கு அவள்மேல் இவ்வளவு அன்பு வந்ததில்லை. அன்றே இரண்டு போத்தல் கலக்கினார், ஒன்று புல்லுக்கு, ஒன்று மாவுக்கு.

அடுத்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மணி அடித்தது. ஜெயரத்தினம் கையில் இரண்டு கிலோ குலா மலாக்காவோடு நின்றார். அப்பம் முடிந்தும் எழுந்திருக்கவில்லை. ஒரு நாற்காலியைத் தொட்டிப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு குமிழிகளை எண்ண ஆரம்பித்தார், உரக்க. நிமிஷத்துக்கு ஐம்பத்தெட்டுதான் வருகிறது, இரண்டு குறைகிறது, என்னவென்று பார் என்று மருமகனை ஏவினார். இன்றிரவு இங்கேயே தங்கி நாளைக் காலையும் எண்ணிப் பார்த்தால்தான் சரியாகச் சொல்ல முடியும் என்றார்.

மேனுகா நான்காவது தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே புருஷனிடம் சொன்னாள்:

"அந்த மசாஜ் நாற்காலியே வந்திருக்கலாம். அதுல உக்காந்தா தூங்கியாவது போவாரு."