பழுது எழுதாத படகு

மருத்துவக் குழு கூப்பிடட்டும் என்று எஞ்சின் டிரைவர் கடற்படைத் தலைமை அலுவலக வராந்தா பெஞ்சில் காத்திருந்தார். நாலு படி ஏறியதற்கே இருமல் பிடித்துக்கொண்டது. மனைவி முதுகைத் தடவிவிட்டாள். இந்த நோய் வேலையால் வந்தது என்று குழு ஒப்புக்கொண்டால் கடற்படை ஆஸ்பத்திரியில் கடைசிவரை வைத்தியம் உண்டு. இல்லாவிட்டால் இன்றோடு சரி.

கடற்படையின் பெரிய கப்பல்களைத் துறைக்குள் இழுத்துவரும் சின்னஞ்சிறு இழுவைப் படகில் அவருக்கு வேலை. பதினெட்டு வருஷம் அதன் வயிற்றுக்குள்ளேதான் அவருடைய பிழைப்பு. புகைக்குழாயில் வெடிப்பு விழுந்து எஞ்சின் அறையே புகைக்கூண்டாகிவிட்டது. பதிவேட்டில் பழுது என்று எழுதினால் பட்டறைக்கு அனுப்புவார்கள். போனால் போனதுதான், கிழட்டுப் படகை எவன் திருப்பித் தருவான்? உடைத்துப்போட்டுவிட்டு ஆறு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கேப்டன்தான் வழி சொன்னார். கையில் கிடைத்த ஆஸ்பெஸ்டாஸ் துணியைச் சுற்றி வெடிப்பைக் கட்டிவிட்டு, 'பழுது இல்லை' என்று எழுதச் சொன்னார். நாளைக்கு ஏதாவது வந்தால் தான் பார்த்துக்கொள்வதாகப் பெற்ற பிள்ளைமேல் சத்தியம் செய்தார். டிரைவரும் தினம் தினம் எழுதினார்.

கேப்டன் இப்போது இதே தலைமை அலுவலகத்தில்தான். ஓய்வுபெற்ற படகை அதன் வாசலில் காட்சிக்கு நிறுத்தப்போகிறார்கள். முப்பது வருஷம் பழுதே காணாத படகு என்று அதன் சேவை வரலாற்றை எழுதி அவர் பாராட்டும் வாங்கிவிட்டார். சாட்சி சொல்ல அவரே வந்திருந்ததைப் பார்த்ததும் டிரைவருக்குப் பாதி நோய் போனமாதிரி இருந்தது. இனிக் கவலையில்லை என்று மனைவியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மேஜைமேல் பதிவேடு திறந்திருந்தது. கேப்டன் அதைக் குழுவின் பக்கம் திருப்பினார்.

"புகை வந்திருந்தா எழுதியிருப்பாரே. எல்லாம் அவர் கையெழுத்துதான்."

"நீங்கதானே சார் எழுதச் சொன்னீங்க?"

கேப்டன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வயசாகிவிட்டது, பாவம், ஞாபகம் தடுமாறுகிறது என்று டாக்டரிடம் மெதுவாகச் சொன்னார். நம்பவைத்துக் கழுத்தறுத்துவிட்டானே என்று டிரைவர் மேஜையை நோக்கி ஓர் அடி வைத்தார். வாய் திறந்தார், பேச்சுக்குப் பதில் இருமல்தான் வந்தது. மனு தள்ளுபடி என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

வெளியே வாசலருகே படகைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு, முகத்தை மூடிய கவசம். இரண்டு பேர் எஞ்சின் அறைப் புகைக்குழாயில் சுற்றியிருந்த ஆஸ்பெஸ்டாஸ் துணியைப் பெயர்த்தெடுத்துத் தடித்த பைகளில் போட்டு வாயைக் கட்டினார்கள். டிரைவர் மூச்சுவாங்கக் கயிற்றுத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தள்ளிப் போங்க பெரியவரே," என்றான் ஒருவன் கவசத்துக்குள்ளிருந்து. "இந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது."

மனைவி அவசரமாகக் கைக்குட்டையை எடுத்து அவர் மூக்கைப் பொத்தினாள்.