ரிஜிஸ்டரில் இல்லாத பெட்டி

ராணுவ ஸ்டோரில் சாமான் குறைந்தால் திட்டு விழும். கூடினால் வேலை போகும். வெளியில் இருப்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றலாம், எங்களுக்கு அதுதான் சட்டம். ஒரு கம்பளி குறைந்தால் ஸ்டோர்கீப்பருக்குக் கவனம் போதாது என்று எழுதுவார்கள். ஒரு கம்பளி கூடுதலாக இருந்தால், எவனோ ஒரு சிப்பாய்க்குப் போகவேண்டியதை இவன் அமுக்கிவிட்டான் என்று எழுதுவார்கள். முப்பத்தோரு வருஷம் ஆறாம் நம்பர் ஷெட்டில் ஸ்டோர்கீப்பராக இருந்தேன். ஒரு சாமான் குறைந்ததில்லை, ஒரு சாமான் கூடியதில்லை. இதைச் சொல்லிச் சொல்லியே சம்பந்தி வீட்டாரின் காதைத் தேய்த்திருக்கிறேன்.

அதில் ஒரு பொய் இருந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

முகாமை மூடிப் பதினோரு வருஷம் ஆகிறது. ஒரே மாதத்தில் லாரி லாரியாகக் காலி செய்துவிட்டுக் கேட்டைப் பூட்டினார்கள். உள்ளே புல் ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. என் மகள் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியை. பள்ளி என்று பெயர்தான், நடந்ததெல்லாம் வாடகைக் கிடங்கு ஒன்றில். தகரக் கூரை, காலையில் பாதிப் பிள்ளைகள், மதியம் மீதிப் பிள்ளைகள். மழை பெய்தால் டீச்சர் கத்துவது கேட்காது, எல்லாரும் பார்த்து எழுதும் பாடம்தான். முகாம் நிலத்தைக் கேட்டு அவள் நாலு வருஷம் அலைந்தாள். அவள் மனு கொடுக்காத ஆபீஸ் இல்லை. அதே இடத்தில் கடைகள் கட்ட ஒரு பில்டர் துண்டைப் போட்டு வைத்திருந்தான். கடைசியில் உத்தரவு வந்தது. பரேடு மைதானமும் ஆபீசர்கள் மெஸ்ஸும் கல்லூரிக்கு. ஸ்டோர் ஷெட்டுகளும் குடும்பக் குவார்ட்டர்ஸும் பள்ளிக்கு.

திறப்பதற்கு மூன்று வாரம் முன்னால், "வாங்கப்பா, உங்க சாம்ராஜ்யத்தைக் காட்டறேன்" என்று என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனாள்.

கேட்டில் பழக்கதோஷத்தில் அடையாள அட்டைக்காகச் சட்டைப்பையைத் தடவினேன். வாட்ச்மேன் என்னைப் பார்க்கக்கூட இல்லை, போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். எங்கள் காலத்தில் இப்படி ஒருவன் நின்றிருந்தால் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடவிட்டிருப்பார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம், காக்க என்ன இருக்கிறது இங்கே என்று தோன்றியதும் கோபம் போய்விட்டது.

சாலையின் இரண்டு பக்கமும் அந்தக் கற்கள் அப்படியே இருந்தன. மாதம் ஒருமுறை வெள்ளையடிப்போம். சினிமாத் திரை கட்டும் இரும்புக் கம்பங்கள் இரண்டும் நின்றன. சனிக்கிழமை படம் போட்டால் திரைக்கு முன்னால் ஆபீசர் குடும்பங்கள், பின்னால் நாங்கள். கதாநாயகர்களெல்லாம் இடது கையால் சண்டை போடுகிறவர்கள் என்றே என் மகள் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கொடி இறக்கும் பிகிள் ஊதினால் யார் எங்கே இருந்தாலும் அசையாமல் நிற்கவேண்டும். ஐஸ்கிரீம் முழங்கை வரை வழிய வழிய, ஏழு வயதில் இவள் விறைத்து நின்றது என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

நாற்பத்திரண்டு எங்கள் குவார்ட்டர்ஸ். நாற்பத்துமூன்றின் வாசலில் அவள் நின்றாள்.

"ரெட்டைஜடை வீடுப்பா. ஞாபகம் இருக்கா?"

"யாரு?"

"என் பக்கத்துல உக்காந்தவ. மூணாங்கிளாஸ் முடிஞ்சதும் அவங்கப்பாவுக்கு மாத்தலாயிடுச்சு. லெட்டர் போடறேன்னு சத்தியம் பண்ணிட்டுப் போனா. போடவே இல்ல. நான் எத்தனை நாள் தபால்காரர் பின்னாடியே ஓடியிருக்கேன்!"

"போனவங்க போனவங்கதான்" என்றேன். அன்றைக்கும் இதையேதான் சொன்னேன். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை குடும்பங்கள் மாறிக்கொண்டே இருக்கிற இடத்தில் பிள்ளைகளுக்கு வேறு என்ன சொல்வது?

ஆறாம் நம்பர் ஷெட்டை நாலு வகுப்பறையாகத் தடுத்திருந்தார்கள். ஜன்னலே இல்லாத சுவரில் ஜன்னல் வைத்திருந்தார்கள். வெளிச்சம் விழுந்த என் ஷெட்டை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். துப்பாக்கி எண்ணெயும் பூச்சி உருண்டையும் கலந்த அந்த வாசனை மட்டும் சுவரை விட்டுப் போகவில்லை. என் மேஜை கிடந்த இடத்தில் கரும்பலகை. நன்றாகத்தான் இருந்தது. சொல்லப்போனால், ரொம்ப நன்றாக இருந்தது.

பின்பக்கம் கூட்டிப்போனாள். தூங்குமூஞ்சி மரத்தடியில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தது.

"இங்க ஊஞ்சல், சறுக்குமரம். அந்தக் கட்டத்துல தண்ணித் தொட்டி. நாளன்னைக்குத் தோண்ட மிஷின் வருது."

மரத்திலிருந்து எட்டு அடி எடுத்து வைத்தால் அந்தக் கட்டம். மறுபடி எண்ணிப் பார்த்தேன், எட்டேதான்.

இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் பெரிய இன்ஸ்பெக்ஷன் ஒன்று வந்தது. இன்ஸ்பெக்ஷன் என்றாலே எங்கள் முகாமுக்குப் பெயின்ட் பைத்தியம் பிடிக்கும். முதல் நாள் சாயங்காலம் பெயின்ட் ஆட்கள் ஷெட்டுக்குள் நுழைந்து, அசையாமல் இருந்த எல்லாவற்றுக்கும் பச்சை அடித்துவிட்டுப் போனார்கள். என் நாற்காலிக்கும் சேர்த்து. மறுநாள் காலை எண்ணிப் பார்க்கிறேன், தோட்டாப் பெட்டி வரிசையில் ஒன்று கூடுதல். மறுபடி எண்ணினேன். கூடுதலேதான். ஈரப் பச்சை, நம்பர் இல்லை, எழுத்து இல்லை, நல்ல கனம். திறந்து பார்க்கலாமே என்று கேட்பீர்கள். சீல் வைத்த பெட்டியைத் திறக்க மூன்று பேர் கையெழுத்துப் போட்ட காகிதம் வேண்டும். காகிதமே இல்லாத பெட்டிக்கு எந்த நம்பரைப் போட்டுக் கையெழுத்து வாங்குவது? பதினொரு மணிக்கு இன்ஸ்பெக்ஷன். உள்ளே என்ன இருக்கிறதோ, வெடிக்குமோ என்ற பயத்தைவிட, கூடுதல் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. லாரி டிரைவரைக் கூப்பிட்டேன். அவனுக்கு 'ரிவர்ஸ்' என்று பெயர். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது எதையாவது இடிக்காமல் எடுத்ததே இல்லை. இரண்டு பேருமாகத் தூங்குமூஞ்சி மரத்திலிருந்து எட்டு அடி தள்ளிப் பெட்டியைப் புதைத்துவிட்டு வந்து, கையைக் கழுவி, சல்யூட் அடித்தோம். கணக்கு கச்சிதம் என்று ஆபீசர் என் தோளில் தட்டினார்.

முகாமை ஒப்படைக்கும் முன் வெடிப்பொருள் தேடும் கருவிகளோடு வந்து துப்பாக்கி சுடும் மைதானத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஸ்டோர் பக்கம் வரவில்லை. ரிஜிஸ்டர் சரியாக இருக்கிறதே, எதற்கு என்றுதான். அந்த ரிஜிஸ்டரில் இருந்தது என் கையெழுத்து.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மகளிடம் சொன்னேன். அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"நாலு வருஷமா நான் இந்த நிலத்துக்காக நாயா அலைஞ்சேனே, அப்பல்லாம் சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?"

"மறந்தே போச்சும்மா." அது பொய். மறக்கவில்லை, நினைக்காமல் இருந்தேன். அதைப் பழகிக்கொள்ள முடியும்.

ரிவர்ஸையும் வரச்சொல்லியிருந்தேன். அவன் வழக்கம்போலப் பின்னால் பார்க்காமல் பேசினான். "இதுக்குப் போய் எதுக்குண்ணே கலங்கறீங்க? விடியக்காலம் நாம ரெண்டு பேரும் மண்வெட்டியோட போவோம், அள்ளிட்டு வந்துடுவோம். யாருக்குத் தெரியப் போகுது?"

மகள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் டீ கிளாஸுக்குள் முகத்தை வைத்துக்கொண்டான்.

"கலெக்டர் ஆபீஸ்ல எழுதிக் குடுத்தா என்ன ஆகும் தெரியுமாப்பா? மொத்த இடத்துக்கும் சீல் வைப்பாங்க. திறப்பு விழா போச்சு. பில்டர் அடுத்த நாளே ஆபீஸ் ஆபீஸாப் போய் நிப்பான், இது ஆபத்தான இடம், பசங்களுக்கு லாயக்கில்லன்னு. நிலமே கை விட்டுப் போனாலும் போகும்."

"அப்ப எழுத வேண்டாமா?"

"எழுதாம? அதுக்குப் பக்கத்துலயே ஊஞ்சல் கட்டி என் பசங்கள ஆட விடச் சொல்றீங்களா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு மேஜைமேல் காகிதத்தை வைத்தாள். "நீங்க எழுதுங்க. நான் கீழ கையெழுத்துப் போடறேன்."

எழுதினேன். முப்பத்தோரு வருஷக் கச்சிதம் ஒரு பக்கத்தில் தீர்ந்தது.

அவள் சொன்னபடியேதான் நடந்தது. கேட்டில் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். திறப்பு தள்ளிப்போனது. மழை தொடங்கி, கிடங்கில் பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பில்டர் ஆபீஸ் ஆபீஸாகப் போனான். தெருவில் என்னைப் பார்த்த பெற்றோர் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மகள் என்னோடு அளந்துதான் பேசினாள். மூன்றாவது வாரம் வெடிகுண்டுப் பிரிவு வந்தது. நானும் அவளும் ரிவர்ஸும் வெகு தூரத்தில் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் நின்றோம். ஒரு மணி நேரம் ஆனது. அப்புறம் இளம் ஆபீசர் ஒருவர் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு எங்களைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவர் முகத்தில் சிரிப்பா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

பழைய தோட்டாப் பெட்டிதான். ஆனால் உள்ளே தோட்டா இல்லை. எவர்சில்வர் தட்டுகள், ஒரு இஸ்திரிப் பெட்டி, மக்கிப்போன புடவைகள், சின்னப் பெண் போடும் கவுன் ஒன்று. காலிப் பெட்டிகளை வாங்கி வீட்டுச் சாமான் கட்டுவது சிப்பாய்க் குடும்பங்களின் வழக்கம். இது எனக்குத் தெரியாதா? ஷெட்டில் எத்தனை பேருக்கு நானே கொடுத்திருக்கிறேன்! அடியில் பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு காகிதங்கள் நனையாமல் இருந்தன. ஒன்று பள்ளி மாற்றுச் சான்றிதழ். மூன்றாம் வகுப்பு, முகாம் பள்ளி. இரண்டாவது, நோட்டில் கிழித்த பக்கம். அதில் கோணல்மாணலாக எங்கள் வீட்டு முகவரி: குவார்ட்டர்ஸ் நாற்பத்திரண்டு.

"இது என் கையெழுத்துப்பா" என்றாள் மகள்.

ரிவர்ஸ் தலையைச் சொறிந்தான். "நாப்பத்துமூணு குடும்பம் முதல் நாளே ரயில்ல போயிட்டாங்கண்ணே. லாரி கிடைக்கலன்னு அவங்க சாமான் சாயங்காலத்துலேந்து நம்ம ஷெட்ல கிடந்துது, ஒரு பெட்டி மட்டும் தோட்டாப் பெட்டி வரிசையோட ஒட்டி. காலைல நீங்க வர்றதுக்கு முன்னாடியே பேர் எழுதியிருந்த பெட்டிய எல்லாம் ஏத்தி அனுப்பிட்டேன். பேர் இல்லாதத எப்படிண்ணே ஏத்துவேன்?"

அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் ஏது? பேர்மேல் பெயின்ட் அடித்தது எங்கள் முகாம், மண்ணைப் போட்டது நான்.

மகள் சான்றிதழில் இருந்த பெயரை வைத்து ஓய்வூதிய ஆபீஸில் அவரை இவரைப் பிடித்து, ரெட்டைஜடையின் போன் நம்பரை வாங்கிவிட்டாள். ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் வைத்துப் பேசினாள். பெட்டி கிடைத்த கதையைச் சொன்னாள்.

"சர்டிபிகேட் இல்லாம எங்கேயும் சேத்துக்கல" என்றாள் அந்தப் பெண். "ஒரு வருஷம் வீட்டுல உக்காந்திருந்தேன். அப்புறம் மறுபடியும் மூணாங்கிளாஸ்லயே போட்டாங்க. அத விடு. பெட்டிய வண்டியில ஏத்தாம விட்டுட்டார்னு எங்கம்மா அப்பாவத்தான் திட்டிட்டே இருப்பாங்க. அம்மா போயி மூணு வருஷம் ஆச்சு. கடைசி வரைக்கும் திட்டினாங்க." அப்புறம், "உன் அட்ரஸ் அதுக்குள்ளதான்டி இருந்துச்சு" என்றாள்.

மழை விட்ட பிறகு பள்ளியைத் திறந்தார்கள். நிலம் முழுக்க அடி அடியாகச் சோதித்து எழுதிக் கொடுத்துவிட்டதால் பில்டருக்குப் பேச எதுவும் இல்லாமல் போனது. அன்றைக்கு ரெட்டைஜடை அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஜடையெல்லாம் இல்லை, நரை தட்டிய குட்டை முடி. இரண்டு பெண்களும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஊஞ்சல் பக்கம் போனார்கள். பெரியவரும் நானும் பெட்டியும் ஆறாம் நம்பர் ஷெட்டில் மிஞ்சினோம்.

அவர் தட்டுகளைத் தொடவில்லை. சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த பழுப்புக் காகிதம் ஒன்றை எடுத்து விரித்தார். மடிப்புகளில் ஒட்டுப் போட்டிருந்தது.

"பெட்டி காணோம்னு அந்த மாசமே எழுதிக் கேட்டேன். இந்தப் பதில் வந்துச்சு."

'தங்கள் கடிதம் கண்டோம். ரிஜிஸ்டரைச் சரிபார்த்ததில் எமது ஸ்டோரில் கூடுதல் பெட்டி எதுவும் இல்லை.' கீழே என் கையெழுத்து. இப்படி வாரத்துக்குப் பத்துக் கடிதம் எழுதுவேன். இதை எழுதிய ஞாபகம்கூட எனக்கு இல்லை.

"இதக் காட்டித்தான் என் வீட்டுக்காரி கேப்பா. அவங்களே இல்லேன்னு எழுதிட்டாங்களே, அப்ப நீங்கதானே தொலைச்சீங்கன்னு. என்கிட்ட பதில் இல்ல. போகப் போக, நான்தான் தொலைச்சேன்னு எனக்கே தோண ஆரம்பிச்சுது."

"பெட்டி இருந்துச்சுங்க. நான்தான் புதைச்சேன். தப்பு என்னோடது" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"சொன்னாப் போதாது. எழுதிக் குடுங்க."

அந்தக் காகிதத்தையே திருப்பிப் போட்டார். பேனாவைத் திறந்தேன். பெட்டி ஸ்டோரில் இருந்தது, இவர் தொலைக்கவில்லை, நான் மறைத்தேன் என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பழைய மடிப்பிலேயே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"வீட்டுல அவ போட்டோ இருக்கு" என்றார். "இன்னைக்குச் சாயங்காலமே இத அதுக்கு முன்னாடி கொண்டுபோய் வெச்சிடறேன்."