வெள்ளைப் பஞ்சில் ஏறிய சிவப்பு

கொட்டாரத்திலிருந்து அஞ்சுகிராமம் போகிற ரோட்டில், ஒரு பழைய மரக்கடையின் ஷெட்டை வாடகைக்குப் பிடித்துப் பெனின் காருக்கு மெருகேற்றுகிற கடை போட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் ஏழு வருஷம் ஷார்ஜாவில் இதே வேலைதான். அங்கே அவன் கை படாத வண்டி கிடையாது. ஊருக்கு வந்தபின் வந்ததெல்லாம் தண்ணி அடித்துக் கழுவ வந்த வண்டிகள். ‘செராமிக் கோட்டிங்’ என்று போர்டில் பெரிதாக எழுதியிருந்ததை வாசித்துவிட்டு, “அது என்னடே, வண்டியில டைல்ஸ் ஒட்டப் போறியா?” என்று கேட்டுச் சிரித்தவர்களும் உண்டு.

அதனால் அஞ்சுகிராமத்துப் பகவதியம்மாள் தன்னுடைய அடர் சிவப்புக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தி, “தம்பி, அந்தக் கோட்டிங்க எனக்க வண்டிக்குப் போட்டுத் தா” என்றபோது பெனின் ஓடிவந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். உள்ளே துண்டு துவைத்துக்கொண்டிருந்த மனைவி ஸ்மிதா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

பகவதியம்மாள் இன்சூரன்ஸ் ஏஜென்ட். நாற்பத்தெட்டு வயதில் கார் ஓட்டப் படித்து, நாலு வருஷத்துக்கு முன்னால் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வண்டி. அதில்தான் மணவாளக்குறிச்சி வரைக்கும் பாலிசி பிடிக்கப் போவாள். கூட வந்திருந்தவர் அவள் வீட்டுக்காரர் கோலப்பன். அஞ்சுகிராமத்தில் கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடை வைத்திருந்தார். நெற்றியில் வெள்ளை நாமம், அதிகம் பேசாத மனுஷன்.

“அக்கா, வண்டி எங்கயாவது இடிச்சிருக்கா? வெளிக் கடையில பெயிண்ட் அடிச்சிருக்கியளா?” என்று பெனின் கேட்டான். எல்லாரிடமும் கேட்க வேண்டிய கேள்வி அது.

“நல்லாக் கேட்ட. நாலு வருஷமா இதுல எனக்க கைதான். ஒரு கோழிக்குஞ்சு கூட மோதுனதில்ல.”

கோலப்பன் அதற்குள் எதிரில் இருந்த டீக்கடைப் பக்கம் நடந்துவிட்டிருந்தார்.

கோட்டிங் போடுவது அரை நாள் வேலை. அதற்கு முன்னால் பெயிண்டைத் தயார் பண்ணுவதுதான் பெரும்பாடு. கோட்டிங் கண்ணாடி மாதிரி மேலே இறுகிவிடும். அடியில் அழுக்கு இருந்தால் அழுக்கையும், கீறல் இருந்தால் கீறலையும் சேர்த்துப் பூட்டி வைத்துவிடும். அப்புறம் வருஷக் கணக்கில் அது அங்கேயே கிடக்கும்.

மறுநாள் காலையிலேயே பெனின் ஆரம்பித்தான். முதலில் ஷாம்பூ போட்டுக் கழுவினான். பிறகு இரும்புத் தூளைக் கரைக்கிற மருந்தை அடித்தான். பிரேக்கிலிருந்து பறந்து பெயிண்டில் குத்தி நின்ற தூளெல்லாம் கரைந்து ஊதா நிறத்தில் கோடு கோடாக வழிந்தது. “ஐயோ, கத்திரிக்காய் அரைச்சு ஊத்துன மாதிரில்லா இருக்கு” என்றாள் ஸ்மிதா. அதைக் கழுவிவிட்டு, களிமண் போல் பிசைகிற ‘கிளே’ கட்டியைச் சோப்புத் தண்ணி விட்டு நிதானமாகத் தேய்த்தான். கட்டியைத் திருப்பிப் பார்த்தால் கருமணல் துகள்கள். பகவதியம்மாள் கடற்கரை ரோட்டில் ஓடிய ஓட்டமெல்லாம் அதில் ஒட்டியிருந்தது. விரலில் மெல்லிய பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு ஸ்மிதா கதவைத் தடவிப் பார்த்தாள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு கவர் போட்டால் தெரியும். “இந்த மூலையில இன்னும் இருக்கு, பாருங்க.” அவன் மறுபடி தேய்த்தான்.

மத்தியானத்துக்கு மேல் பாலிஷ். அதற்கு முன் பெயிண்டின் கனத்தை அளக்கிற சின்ன மீட்டரை எடுத்தான். நாலு கதவும் மேற்கூரையும் ஒரே மாதிரி அளவு காட்டின. கம்பெனி பெயிண்ட், சந்தேகமே இல்லை. பானெட்டில் வைக்கப் போகும்போது மீட்டர் அணைந்துவிட்டது. பேட்டரி போச்சு. அந்தச் சின்ன வட்டப் பேட்டரி வாங்க நாகர்கோவில் வரைக்கும் போகவேண்டும். மற்ற இடமெல்லாம் சரியாக இருக்கும்போது பானெட் மட்டும் என்ன வேறாகவா இருக்கப் போகிறது என்று நினைத்து மீட்டரை மேஜையில் வைத்தான். அந்த அக்காதான் அவ்வளவு உறுதியாகச் சொன்னாளே.

மெஷினில் வெள்ளைப் பஞ்சு வட்டத்தை மாட்டி, கதவுகளை முடித்துவிட்டுப் பானெட்டுக்கு வந்தான். சிலந்தி வலை மாதிரி இருந்த கீறல்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. வலது ஓரத்தில், ஹெட்லைட்டுக்கு மேலே பானெட் மடிகிற விளிம்பில் மெஷின் போனபோது ஏதோ மங்கலாகத் தெரிந்தது. நிறுத்திவிட்டுப் பஞ்சைத் திருப்பினான். பஞ்சில் சிவப்பு.

நிறத்துக்கு மேலே ‘கிளியர்’ என்று நிறமில்லாத ஒரு பூச்சு உண்டு. பாலிஷ் அதை மட்டும்தான் தொடவேண்டும். பஞ்சில் நிறம் ஏறினால் அந்தப் பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். விளக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தான். ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்பு தேய்ந்து, அடியில் சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது.

ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூட அவனுக்கு இப்படி ஆனதில்லை. மெஷினைத் தரையில் வைத்துவிட்டு டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்தான்.

ஸ்மிதா பக்கத்தில் வந்து பார்த்தாள். என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

“சின்ன பிரஷ்ல அதே கலரத் தொட்டு வச்சு மேல கோட்டிங் போட்டா, பளபளப்புல ஆறு மாசத்துக்கு யாருக்கும் தெரியாது” என்றான் பெனின். அவளிடம் சொன்னானா, தனக்கே சொல்லிக்கொண்டானா என்று அவனுக்கே தெரியவில்லை.

“தெரியாதுதான். ஆனா அந்தச் சிவப்புக் காரு இந்த ரோட்டுல போகும்போதெல்லாம் நீங்க எழும்பி ஷெட்டுக்குள்ள ஓடுவியளே, அத நான் எப்படிப் பாத்துக்கிட்டு இருக்க?”

கடைக்கு வந்த முதல் கோட்டிங் வேலை. அந்தம்மாவுக்கு ஊர் முழுக்கப் பழக்கம். ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் போதும், அப்புறம் கழுவக்கூட ஒரு வண்டி வராது. போனைக் கையில் எடுத்து, மேஜையில் வைத்து, மறுபடி எடுத்தான். கடைசியில் கூப்பிட்டுவிட்டான்.

அரைமணி நேரத்தில் ஸ்கூட்டர் வந்து நின்றது. கோலப்பன் ஓட்ட, பின்னால் பகவதியம்மாள்.

பெனின் எதையும் சுற்றி வளைக்கவில்லை. விளக்கைப் பிடித்துக் காட்டினான். “அக்கா, எனக்க கைப்பிழ. மீட்டர்ல பேட்டரி தீந்து போச்சு. அளக்காமலே மெஷினப் போட்டுட்டேன். பானெட்டுக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சுத் தாரேன். நல்ல ஆளு இருக்காரு. எல்லாம் எனக்க பொறுப்பு.”

பகவதியம்மாள் குனிந்து அந்த இடத்தை விரலால் தொட்டாள். முகம் சிவந்துவிட்டது. “நாலு வருஷம், தம்பி. நாலு வருஷம் நான் ஒரு கீறல் விழாம வச்சிருந்தேன். உன்னை நம்பி ஒரு நாள் விட்டதுக்கு...”

பெனின் தலையைக் குனிந்து நின்றான். திட்டினால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

“அவனை ஒண்ணும் சொல்லாத” என்று ஒரு குரல் வந்தது. கோலப்பன்தான். அவர் பானெட்டைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அது கம்பெனி பெயிண்ட் இல்ல.”

“என்னது?”

“பானெட் ஒரு தடவ பெயிண்ட் அடிச்சது. மூணு வருஷத்துக்கு முந்தி நீ உனக்க தங்கச்சி மக பிரசவத்துக்குத் திருவனந்தபுரம் போயிருந்தல்லா, அப்ப. மயிலாடிப் பக்கம் ஒரு வேலயா வண்டிய எடுத்துட்டுப் போனேன். ஒரு கண்ணுக்குட்டி குறுக்க வந்துது. அதுக்கு ஒதுங்கப் போயி ஓடைப் பாலத்துக் கலுங்குச் சுவர்ல இடிச்சிட்டேன். நீ வரதுக்குள்ள வள்ளியூர்ல ஒருத்தங்கிட்ட விட்டு ரெண்டே நாள்ல அடிச்சு வாங்கினேன். அவசரத்துல அவன் எப்படி அடிச்சானோ.”

ஸ்மிதா கையிலிருந்த துண்டை முறுக்கிக்கொண்டு நின்றாள். பெனின் மெதுவாக நிமிர்ந்து கோலப்பனைப் பார்த்தான். அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. பழி பெனின் தலையில் விழுந்திருக்கும், அவனும் எடுத்துக்கொள்ளத் தயாராகத்தான் நின்றான். பானெட்டும் புதுசாக வந்திருக்கும். மூன்று வருஷமாக மறைத்ததைக் கோலப்பன் இன்னும் முப்பது வருஷம் மறைத்திருக்கலாம்.

பகவதியம்மாள் தன் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். இப்போது இடி விழப் போகிறது என்று பெனின் நினைத்தான்.

“உங்களுக்கு அடி பட்டுதா?” என்று கேட்டாள் அவள்.

“நெத்தியில கொஞ்சம் வீங்கிச்சு. அலமாரிக் கதவுல இடிச்சிட்டேன்னு உன்கிட்ட சொன்னேன்.”

“எண்ணெய் தடவிவிட்டேனே!” அவள் அவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். உடனே கோபமும் வந்தது. “ஏன் சொல்லல? நான் என்ன தின்னுருவனா? இன்சூரன்ஸ் இருக்குல்லா?”

“இன்சூரன்ஸ்ல போட்டா முதல்ல உனக்குத்தான தெரியும்.”

ஸ்மிதாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டால் வாயைப் பொத்தினாள். பகவதியம்மாள் அவளை முறைத்துப் பார்த்தாள். அப்புறம் அவளுக்கும் அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீரும் வாயில் சிரிப்புமாக டயர் அடுக்கில் உட்கார்ந்துவிட்டாள். “எங்கிட்ட பாலிசி எடுத்தவன் பொய் சொன்னா ரெண்டே கேள்வியில கண்டுபிடிப்பேன். வீட்டுக்குள்ளயே ஒரு பொய் இருந்திருக்கு பாரு.”

பெயிண்ட் செலவைப் பெனின் ஏற்பதாகச் சொன்னபோது அவள் கையைக் காட்டித் தடுத்துவிட்டாள். “அத இவங்க பாத்துக்கிடுவாங்க. நீ உனக்க மீட்டருக்குப் பேட்டரி வாங்கு.”

ஒழுகினசேரியில் பெயிண்டர் தங்கப்பன் பானெட்டைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, “அடியில சரியாத் தேய்க்கவே இல்ல. மேல கிளியரையும் கடமைக்குத் தெளிச்சு விட்டிருக்கான். இன்னைக்கு இல்லேன்னாலும் ஒரு நாள் உரிஞ்சிருக்கும்” என்றார். முழுக்க எடுத்துவிட்டு, முறையாக அடித்து, நிறம் பிசகாமல் கொடுத்தார். புதுப் பெயிண்ட் நன்றாகக் காய்ந்து இறுக ஒரு மாதம் விடவேண்டும். அதுவரை கோட்டிங் கூடாது. பகவதியம்மாள் அவசரப்படுத்தவில்லை.

ஒரு மாதம் கழித்து வண்டி வந்தபோது பெனின் முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்தான். கழுவினான், ஊதாத் தண்ணி வழிய வழிய அலசினான், கிளே போட்டான். மீட்டரைப் பானெட்டில் மட்டும் பதினாறு இடத்தில் வைத்து அளந்தான். விளிம்புகளில் டேப் ஒட்டி, மெத்தென்ற பஞ்சால் மெதுவாக ஒரே ஒரு தடவை பாலிஷ் செய்தான். கடைசியில் ஸ்பிரிட் தொட்ட துணியால் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்தெடுத்தான். ஸ்மிதா விளக்கைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு முழமாகப் பார்த்து, “சரி, இனி போடுங்க” என்று சொன்னபிறகுதான் கோட்டிங் பாட்டிலைத் திறந்தான்.

வண்டியை எடுக்க இரண்டு பேரும் வந்தார்கள். பகவதியம்மாள் பானெட்டில் தன் முகத்தைப் பார்த்து முடியைச் சரி செய்துகொண்டாள். அவள் ஸ்மிதாவுடன் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் பெனின் கோலப்பன் பக்கத்தில் போனான்.

“அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க பேசாம இருந்திருந்தா நான் கடையப் பூட்டிட்டுத் திரும்பவும் ஷார்ஜாவுக்கே போயிருப்பேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்லன்னு தெரியல.”

கோலப்பன் கூச்சத்தோடு தோளில் கிடந்த துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். “தப்பு பண்ணாத நீ அங்க தலையக் குனிஞ்சு நிக்க. தப்பு பண்ணுன நான் வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கேன். அது எனக்குச் சகிக்கல, மக்கா. வேற ஒண்ணும் இல்ல.”

அதற்குப் பிறகு பகவதியம்மாள் போன வீட்டில் எல்லாம் பாலிசியோடு சேர்த்து இந்தக் கதையையும் சொன்னாள். “தப்ப அவனாவே போன் பண்ணிச் சொன்னான்” என்றுதான் ஆரம்பிப்பாளாம். அஞ்சுகிராமத்திலிருந்தும் கன்னியாகுமரி லாட்ஜுகளிலிருந்தும் வண்டிகள் வரத் தொடங்கின. ஆடி முடிவதற்குள் ஐந்து கோட்டிங் வேலை முடிந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெனினும் ஸ்மிதாவும் சொந்த ஊரான மணக்குடியில் சர்ச் பூசைக்குப் போயிருந்தார்கள். வழக்கமாக முழங்காலில் நின்றதும் பெனினுக்கு மாதாவிடம் கேட்பதற்கு ஒரு பெரிய பட்டியல் இருக்கும். அன்றைக்கு எவ்வளவு யோசித்தும் ஒன்றும் வரவில்லை. கோலப்பன், பகவதியம்மாள் என்று இரண்டு பேரின் பேரை மட்டும் சொன்னான். அவர்களை நல்லா வச்சிரு என்று சொன்னான். அப்புறம் சற்றுத் தள்ளி, கண்ணை மூடி நின்ற ஸ்மிதாவைப் பார்த்துவிட்டு, அவள் பேரையும் சேர்த்துக்கொண்டான்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது கரையில் வள்ளங்கள் வந்து மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. நல்ல நெய்மீன் ஒன்றை வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் ஊர் வீட்டுக்கு நடந்தார்கள்.