பிடித்துத் தைத்த சட்டை

தன் இரண்டாவது மனைவியின் சட்டை தொளதொளத்துப் போனதால், தையற்காரர் அதை நான்காவது முறையாகப் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. மார்பளவு எடுத்தவர், டேப்பைப் பார்த்துத் திடுக்கிட்டுப் பழைய அளவு நோட்டைப் புரட்டினார். இறந்துபோன முதல் மனைவியின் கடைசி அளவும் அதேதான். தோள், இடுப்பு, கை எல்லாமே அச்சுப் பிசகாமல் பொருந்தின. அவளும் இவளைப் போலவே சோறு இறங்கவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். பிடிவாதம் என்று விட்டுவிட்டார்கள்.

"நான் அப்பவே சொன்னேன்ல? செத்தவ தன் துணிமணிக்காகத் திரும்பி வந்துட்டா. இவ தொண்டையில உக்காந்துகிட்டு ஒரு வாய் இறங்க விடமாட்டேங்கிறா" என்றாள், பட்டன் தைத்துக்கொண்டிருந்த அவருடைய அக்கா.

பேயாவது பிசாசாவது என்று வாய் பேசுவாரே தவிர, தையற்காரருக்கு உள்ளூர உதறல்தான். மனைவி ஒவ்வொரு கவளத்துக்கும் நெஞ்சில் கை வைத்து, யார் பேச்சையோ கேட்பது போல அசையாமல் நிற்பாள். அவரோ மாதாமாதம் சட்டையைப் பிடித்துத் தைத்தார். "நல்லாத்தானே இருக்கா" என்றது அக்கம்பக்கம். அவர் கைத்திறமையே அவள் மெலிவை மறைத்துவிட்டது.

அன்று மதியம், கீழே விழுந்த ஊசியை எடுக்க மனைவி குனிந்தாள். காலையில் தின்ற சோறு பொலபொலவென்று வாயிலிருந்து கொட்டியது. புளித்த வாடைகூட இல்லை. தட்டில் போட்டது போலவே பருக்கை பருக்கையாகக் கிடந்தது. அக்கா அலறினாள்.

"செத்தவ மேல பழி போடாதீங்க. தண்ணிகூட நெஞ்சுலயே நிக்குது. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. எனக்குப் பசிக்குதுங்க" என்றாள் மனைவி.

அந்தக் கடைசி வார்த்தை அவரைக் கொன்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் மருந்து குடிக்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில், உணவுக்குழாய் பையாக வீங்கி அடியில் ஊசிமுனையாய்க் குறுகியிருந்தது.

"சாப்பாட்டைத் தள்ளுற நரம்பு கெட்டுப்போச்சு. கீழ வால்வு மாதிரி இருக்கற தசை திறக்கல. ஏன் வருதுன்னு பெரும்பாலும் தெரியறதில்ல. ஆனா பலூன் விட்டு விரிக்கலாம், இல்லன்னா ஆபரேஷன்ல அந்தத் தசையை வெட்டிவிடலாம். நரம்பு பழையபடி ஆகாது, சாப்பாடு இறங்கும்" என்றார் டாக்டர்.

"என் முதல் சம்சாரத்துக்கும் இதுதானா டாக்டர்?"

"இப்ப எப்படிங்க சொல்றது? தொண்டை அடைக்கப் பல காரணம் உண்டு, புற்றுநோய்கூட. அன்னைக்குக் காட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும்."

ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் கழித்து, மனைவிக்கு உடம்பு தேறிவிட்டதால், தையற்காரர் அதே சட்டையின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். அக்கா மெல்லக் கேட்டாள்.

"அவ போயிட்டாளாடா?"

"அவ வரவே இல்லக்கா. ரெண்டு பேர் தொண்டையையும் பிடிச்சது நாமதான். விழுங்க முடியலன்னு ஒருத்தி சொன்னா, பேயைத் தேடக்கூடாது, டாக்டரைத் தேடணும்."