ஐந்தைந்து லிட்டராக

மானம் போவதில் பல வகை உண்டு. காதும் காதும் வைத்தாற்போல் போனால் நாலு நாளில் ஆறிவிடும். நீலலாரிக்காரருக்குப் போனது ஒலிபெருக்கியில். லாரிகள் நிற்கும் திடல், குளியலறை வாசல், டயர் கடை, சாப்பாட்டுக் கூடம் என்று எல்லா இடத்திலும் ஒரே மூச்சில் போனது.

"ஆறாம் நம்பர் பம்ப், நீல லாரி! உங்க கார்டுல காசு இல்ல. உள்ள வந்து வேற வழி பாருங்க!"

சொன்னவர் பங்க் மேலாளர். கையில் மைக் இருந்தால் அவருக்கு வாய் நிற்காது. குளியலறை காலியாக இருப்பதைக்கூடக் கல்யாணச் செய்தி மாதிரி அறிவிப்பார். ஓட்டுநர்கள் அவருக்கு வைத்த பெயரே 'மைக்'.

கார்டில் பணம் இருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். காலையில் வேறொரு பங்க்கில் டீசல் போட்டபோது, அங்கிருந்த கார்டு இயந்திரம், போட்ட டீசலுக்கு மேலேயே ஒரு பெருந்தொகையை ஈடாக முடக்கி வைத்துக்கொண்டு, சாயங்காலம்தான் விட்டது. சொந்தமாக ஒரே லாரி வைத்து ஓட்டுகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும் தலைவலி. மைக்குக்கும் தெரியும். ஓர் ஆளை அனுப்பிக் காதில் சொல்லியிருக்கலாம். ஆனால் காதில் சொல்வதற்கு மைக் எதற்கு?

அன்று சாப்பாட்டுக் கூடத்தில் சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் சம்பந்தி. சம்பந்தி என்றால் ஆகப்போகிறவர். பெரிய கம்பெனி லாரி ஓட்டுகிறவர், டீசலுக்குக் கம்பெனியே கட்டும். அறிவிப்பைக் கேட்டதும் அவர் வாயிலிருந்த டீ மேசைமேல் தெறிக்கும் அளவுக்குச் சிரித்தார். டயர் கடைக்காரர் கண்ணால் பார்த்திருக்கிறார். அவர் பார்த்தால் பார்க்காதவர்களுக்கும் பார்த்த மாதிரிதான்.

அதோடு விட்டார்களா? நீலலாரிக்காரருக்குக் 'காலிக்கார்டு' என்று பட்டப்பெயர் விழுந்தது. பங்க் கதவில் ஒரு தாள் ஏறியது: 'சொந்த லாரிக்காரர்கள் முதலில் பணம் கட்ட வேண்டும். கட்டிய தொகைக்கு மட்டுமே டீசல்.' சம்பந்தி வீட்டிலிருந்து, தேதி குறிப்பதைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாமே என்று மெதுவாக ஒரு பேச்சு வந்தது.

"அவங்க என்ன நினைக்கிறாங்கன்னு எனக்குத் தெரியாதா? நம்மகிட்ட ஒண்ணுமில்லன்னு நினைக்கிறாங்க" என்றாள் மனைவி, துவைத்த துணியை உதறியபடி. "நீங்க பாட்டுக்கு அந்தப் பக்கமே போகாம வேற பங்க்குல போட்டுட்டுப் போங்க."

"போவேன். அங்கதான் போவேன். எந்த மைக்ல போச்சோ அந்த மைக்லயே திரும்பி வரணும். அதுவும் சிரிச்ச அந்த மனுஷன் காதுல விழுற மாதிரி."

"சம்பந்தம் முறிஞ்சா?"

உள்ளறையிலிருந்து மகள்தான் பதில் சொன்னாள். "முறிஞ்சா முறியட்டும்மா. அப்பா, பண்றத அவர் முன்னாடியே பண்ணுங்க. நாளைக்கு அந்த வீட்டுல நான் தலை நிமிர்ந்து நிக்கணும்ல?"

இப்படி ஒரு பெண்ணைப் பெற்றவனுக்கு வேறென்ன வேண்டும்? நீலலாரிக்காரர் காத்திருந்தார். கதவில் ஒட்டிய தாளை அவர் எத்தனையோ முறை படித்திருந்தார். முதலில் பணம் என்று எழுதிய மைக், குறைந்தது எவ்வளவுக்கு என்று எழுத மறந்துவிட்டார்.

லாரிகளுக்கு அங்கே இரண்டே பம்புகள். ஐந்தாம் பம்பு கெட்டு, அதற்கு மஞ்சள் கயிறு கட்டியிருப்பதாக ஓட்டுநர்களின் போன் குழுவில் ஒரு நாள் செய்தி வந்தது. கம்பெனி லாரிகள் மதியத்துக்கு அங்கேதான் வரும். நீலலாரிக்காரர் அன்று சரக்கே ஏற்றவில்லை. சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு, காலி டேங்க்கோடு போய் ஆறாம் பம்பில் நிறுத்தினார்.

"அஞ்சு லிட்டருக்கு" என்று பணம் கட்டும் கண்ணாடி அறையில் கார்டை நீட்டினார்.

"அஞ்சா?" மைக் நிமிர்ந்தார். "உங்க டேங்க்குல அது எந்த மூலைக்கு?"

"முதல்ல அஞ்சு போட்டுப் பாக்குறேன் சார். கார்டுல காசு இருக்கான்னு நல்லாப் பாத்துக்குங்க. எதுக்கும் ரெண்டு தடவை பாருங்க."

போட்டார். மூடியை நிதானமாகத் திருகினார். பக்கக் கண்ணாடியைத் துடைத்தார். வண்டியைப் பூட்டினார். கை கழுவினார். மறுபடி பணம் கட்டும் வரிசையில் நின்றார். "இன்னொரு அஞ்சு."

இப்படிப் போய் வந்துகொண்டிருந்ததில் பின்னால் லாரிகள் சேர்ந்தன. வரிசையின் வால் திடலைத் தாண்டிச் சாலைக்கு நீண்டது. ஹாரன் சத்தத்தில் டயர் கடைக்காரர் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றுகொண்டார். நீலலாரிக்கு நேர் பின்னால் கம்பெனி லாரி ஒன்று வெயிலில் உறுமிக்கொண்டிருந்தது. அதிலிருந்து சம்பந்தி இறங்கினார்.

"என்ன சம்மந்தி, கொஞ்சம் சீக்கிரம் எடுக்கக் கூடாதா?"

தேதி தள்ளிப்போன நாளிலிருந்து அந்த வாயில் சம்மந்தி என்ற வார்த்தை வந்ததில்லை.

"நான் எடுக்க மாட்டேன்னா சொல்றேன்? இங்க ரூல் அப்படி. காலிக்கார்டுக்காரனுக்கு யாரு நம்பி டீசல் விடுவாங்க?"

சம்பந்தி வரிசையைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார். பிறகு மைக் இருக்கும் கண்ணாடி அறைக்குள் போய்க் கத்தினார். அவர் பின்னால் இன்னும் நாலைந்து ஓட்டுநர்கள் போனார்கள். மைக் வியர்க்க வியர்க்க வெளியே ஓடிவந்தார்.

"அண்ணே, ஃபுல்லாப் போட்டுக்குங்க. காசு அப்புறம் வாங்கிக்கிறேன்."

"ஐயய்யோ, வேணாம் சார். கதவுல எழுதியிருக்கே."

"அதக் கிழிச்சிடுறேன். இப்ப உங்களுக்கு என்னதான்ணே வேணும்?"

நீலலாரிக்காரர் கம்பத்தின் மேலிருந்த ஒலிபெருக்கியை விரலால் காட்டினார். "அதுல சொன்னீங்கல்ல? அதுலயே சொல்லுங்க."

மைக் உள்ளே போனார். கரகரவென்று சத்தம். "அன்னைக்கு நீல லாரிக்காரரோட கார்டுல பணம் இருந்துச்சு. மெஷின்ல ஏதோ கோளாறு."

"மெஷினா?" நீலலாரிக்காரர் சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்துக்கொண்டு கண்ணாடி அறையை நோக்கி நடந்தார். "அப்ப இன்னொரு அஞ்சு லிட்டர் போடுங்க."

ஒலிபெருக்கி அவசரமாகத் தொண்டையைச் செருமியது. "மெஷின் இல்லங்க. என் தப்பு. கேக்காம கொள்ளாம நான்தான் மைக்ல சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க."

ஹாரன் சத்தம் நின்றது. சம்பந்தி கையைக் கட்டிக்கொண்டு தரையையே பார்த்திருந்தார். கதவுத் தாள் கிழிபடும் சத்தம் எல்லோர் காதிலும் விழுந்தது. பாவம், மைக்கை அணைக்க மறந்துவிட்டார்.

நீலலாரிக்காரர் டேங்க்கை நிறைத்தார், முழுசாகக் கட்டினார். இத்தோடு முடித்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். டீசல் போட்டவர் வண்டியைப் பம்புக்கு முன்னாலுள்ள வெள்ளைக் கோடுவரை நகர்த்தி, பின்னால் நிற்பவருக்கு இடம் விட்டுவிட்டுத்தான் வேறு வேலை பார்க்க வேண்டும். அது எழுதாத சட்டம். மீறினால் பரம்பரைக்கே திட்டு விழும்.

சம்பந்தி ஓடிப்போய்த் தன் லாரியில் ஏறி எஞ்சினைக் கிளப்பினார். நீலலாரிக்காரர் அவரைப் பார்த்து அன்பாகத் தலையசைத்தார். வண்டியைப் பூட்டினார். நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார்.

சன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. அதிலேயே உட்கார்ந்தார். டீ வந்தது. சன்னல் வழியே சம்பந்தி ஹாரனில் கையை வைப்பதும், யோசித்து எடுப்பதும் நன்றாகத் தெரிந்தது.

"நீல லாரி ஐயா, வண்டியக் கொஞ்சம் முன்னால எடுங்க ஐயா" என்றது ஒலிபெருக்கி.

அவர் டீயை ஊதினார். இன்னும் ஒரு தடவை சொல்லட்டும். டீயும் சூடாகத்தான் இருந்தது.